டயரின் ஓரத்து முடி

கூண்டுக்காரரிடம் நாய் கிடையாது. ஆனால் சைக்கிளோடு ஓட எந்த நாய் தோது என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் இறங்கி வரும் சரிவின் முடிவில், அவருடைய கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உட்காரலாம், எழுந்து நிற்கலாம். சோம்பல் முறிக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்தாக வேண்டும். வருகிற காருக்கு ஓர் அட்டை. பிறகு பச்சைப் பொத்தான். தடுப்புக் கட்டை மேலே போகும், கீழே வரும். பதினோரு வருடமாக இதுதான் வேலை. அவருக்கும் ஒரு பெயர் உண்டு, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் கூண்டுக்காரர்.

மூன்றாவது மாடியில் ஒரு சைக்கிள் கடை. அதனால் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கார்கள் வரும். பின் சன்னலில் சில சமயம் ஒரு நாய்த் தலை. சக்கரத்தில் மண், நாயின் காலிலும் அதே மண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வந்த ஒரு நாய், கூண்டின் துவாரத்துக்குள் மூக்கை விட்டு அவர் கையை முகர்ந்து ஒரு சூடான மூச்சு விட்டது. அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நோட்டு வாங்கினார்.

அந்த நோட்டில் இன்று பாதி உலகத்து நாய்கள் இருக்கின்றன, பெரும்பாலும் கோடு போட்டு அடிக்கப்பட்டு. முதலில் போனவை சப்பை மூக்கு ஜாதிகள். சும்மா இருக்கும்போதே மூச்சுக்குத் திண்டாடுகிறதை ஓடச் சொல்வது பாவம். பிறகு குட்டைக் கால்கள். பிறகு மலைபோல உடம்புள்ளவை. எடை முழுக்க மூட்டில் இறங்கிவிடும். ஹஸ்கியை அடிக்க அவருக்கு மனசே வரவில்லை, ஒரு வருடம் வைத்திருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும், ஆனால் அந்த ரோமம் பனிக்கானது. பார்டர் கோலிக்கு மூளை அதிகம். மேய்க்க ஆடு கிடைக்காவிட்டால் வீட்டில் உள்ளவர்களை மேய்க்கும். கடைசியில் மிஞ்சியது பாயிண்டர். குட்டை ரோமம், நீளக் கால், ஆழமான மார்பு, சலிக்காத மிதமான ஓட்டம். அதுவும் குட்டியாகக் கூடாது. ஒன்றரை வயதுக்கு முன்னால் எலும்பு முற்றாது. அதன் பெயருக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு வைத்தார்.

சைக்கிளும் வாங்கியாயிற்று, இரண்டு வருடத்துக்கு முன்பே. அது பால்கனியில் நின்றது. அதன் மேல் துணி காய்ந்தது.

வீடு அவருடையது அல்ல. மனைவியின் அண்ணனுடையது. ஒரு வருடம் மட்டும் என்று வந்து, ஒன்பது வருடமாகிவிட்டது. மச்சான் கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருக்கிறார். முன்னறை அவருக்கு, பின்னறை இவர்களுக்கு. குளியலறைக்குப் போகக்கூட மச்சானின் டிவிக்கு முன்னால் குனிந்துதான் போக வேண்டும்.

பாயிண்டர் பேச்சை எடுத்த அன்று மச்சான் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மாப்ள, நாய் வாங்கு, வேணாங்கல. ஆனா அது எங்க படுக்கும், நீ எங்க படுப்ப, அத மட்டும் சொல்லிடு."

"பால்கனில படுக்கும் மச்சான்."

"அப்ப சைக்கிள்?"

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அப்ப துணி?"

இருந்தாலும், ஊர் எல்லையில் ஒரு நாய்ப் பண்ணையில் இரண்டு வயது பாயிண்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டபோது அவரால் சும்மா இருக்க முடியவில்லை. போன் செய்தார். பண்ணைக்காரம்மா சுருக்கமாகப் பேசினார்.

"இருக்கு. முன்னாடி வாங்கினவர் வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தார். சோபாவத் தின்னுடுச்சு. திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டார். அதனால இப்பல்லாம் சைக்கிளோட வர்றவங்களுக்குத்தான் தர்றேன். சைக்கிள எடுத்துட்டு வாங்க, டயரப் பாத்துட்டுச் சொல்றேன்."

"டயர்ல என்னம்மா?"

"எல்லாரும் ஓட்டறேன்னுதான் சொல்றாங்க. டயர் பொய் சொல்லாது."

அன்று மாலை பால்கனியில் துணிகளை விலக்கிவிட்டு டயரைப் பார்த்தார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே, மெல்லிய ரப்பர் முடிகள், அவை அத்தனையும் அப்படியே இருந்தன. முள்ளம்பன்றிக் குட்டி போல. இரண்டு வருடம். கூண்டுக்காரர் நகவெட்டியை எடுத்தார். ஒன்று விடாமல், நடுவிலும் ஓரத்திலும், இரண்டு சக்கரத்திலும் உட்கார்ந்து வெட்டினார். முடித்தபோது கட்டைவிரல் கன்றிப் போயிருந்தது.

மறுநாள் மச்சான் பால்கனிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருடம் முடி வெட்டியவர்; தரையில் என்ன கிடக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"மாப்ள, யாருக்கு ஷேவிங் பண்ணின? சைக்கிளுக்கா? எங்கிட்டச் சொல்லியிருந்தா கிருதா வெச்சு விட்டிருப்பேனே!"

மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் பெரும்பாலும் மற்றவர்களோடு சேர்ந்து தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

புதன்கிழமை வார விடுமுறை. சைக்கிளை ஒரு வேனில் ஏற்றிப்போய், பண்ணைக்கு முந்தைய திருப்பத்தில் இறக்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போனார். பண்ணைக்காரம்மா குந்தி உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"ரோட்டுல ஓட்டினா நடுவுல இருக்கறது தேயும் சார். ஓரத்துல இருக்கறது அப்படியே நிக்கும், வருஷக் கணக்கா நிக்கும். உங்களுக்கு ஓரமும் இல்லியே."

கூண்டுக்காரருக்குக் காது சுட்டது. ஓட்டாதவனுக்கு எப்படித் தெரியும், எது தேயும், எது தேயாது என்று?

"நகவெட்டியா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

அவர் திட்டவில்லை. உள்ளே போய் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈரலின் நிறம், தொங்கும் காது. நோட்டில் இருந்த படம் எழுந்து நடந்து வந்ததுபோல் இருந்தது. மார்புப் பட்டையின் கயிற்றை அவர் கையில் கொடுத்து, "வேலி ஓரமா ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்றார்.

முதல் ஐம்பது அடி சைக்கிள் கோணல்மாணலாகப் போனது. பிறகு நேரானது. நாய் அவருடைய இடது காலுக்குப் பக்கத்தில், மிதியின் தாளத்துக்கு ஓடிவந்தது. மண் பாதை, இரண்டு பக்கமும் உயரப் புல். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் வீங்கியது. எதிரே எந்தக் கட்டையும் இல்லை. பாதிச் சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது, இறங்கி நின்றார். நாயும் நின்றது. கயிற்றை இழுக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் பண்ணைக்காரம்மா சொன்னார்: "நாய் தயார். நீங்கதான் இன்னும் தயாராகல. நாலு வாரம், வாரம் ஒரு தடவை வந்து இத ஓட்டுங்க. அஞ்சாவது வாரம் கூட்டிட்டுப் போங்க."

"கண்டிப்பா வர்றேம்மா."

"வரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். அதுக்குக் காத்திருக்கத் தெரியாது."

அடுத்த புதனன்று மச்சானுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. மருத்துவமனை வரிசையில் மச்சானின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த புதன் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள். மேலே ஏற முடியாத மச்சான் கீழே நின்று யோசனை சொன்னார், இவர் உள்ளே இறங்கித் தேய்த்தார்.

மூன்றாவது புதன்தான் விஷயம். அன்று யாரும் தடுக்கவில்லை. மச்சான் சலூனுக்குப் போய்விட்டார். மனைவி தானாகவே துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "போறதுன்னா போய்ட்டு வாங்க, நானும் எத்தன நாளைக்குக் கேட்டுட்டே இருக்கறது, நாய் எப்படி இருக்குன்னாச்சும் வந்து சொல்லுங்க" என்றாள். வெளியே லேசான தூறல். குட்டை ரோம நாய்க்கு நனைந்தால் குளிர் தாங்காதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். பார்த்துவிட்டுப் போகலாம் என்று நோட்டை எடுத்தார். குளிரிலிருந்து காது நோய்க்கும், காதிலிருந்து வயதுக்கும், வயதிலிருந்து இடுப்பு மூட்டுக்கும் போனார். நிமிர்ந்தபோது தூறல் எப்போதோ நின்றிருந்தது. மனைவி மாலைத் துணிகளைச் சைக்கிள் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த துணியை உதறினாள். மச்சானாக இருந்தால் ஏதாவது கிண்டலாவது செய்திருப்பார்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை, பண்ணையிலிருந்து போன் வந்தது.

"ஒரு தம்பதி வந்திருக்காங்க சார். குடுக்கவா?"

இரண்டு கார்கள் வரிசையில் நின்றன. அட்டையை நீட்டியபடியே, "சரிம்மா" என்றார்.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பதியின் கார் சரிவில் இறங்கியது. முதுகில் இரண்டு சைக்கிள்கள். டயரின் நடுவில் மழமழப்பு, ஓரத்தில் முடி. இப்போது அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பின் இருக்கையில் ஈரல் நிறத் தலை.

அட்டையை நீட்டினார். கார்க்காரர் வாங்கிக்கொண்டார். கூண்டுக்காரரின் விரல் பொத்தான் பக்கம் போகவில்லை.

"சார், வெயில்ல கூட்டிட்டுப் போகாதீங்க. புறங்கையைத் தார் ரோட்டுல வெச்சுப் பாருங்க, ஏழு எண்ற வரைக்கும் தாங்கலேன்னா அதுக்கும் தாங்காது."

"ஓ... சரிங்க."

"ஓடும்போது கழுத்துப் பட்டை வேணாம், மார்புப் பட்டை போடுங்க. வயித்துல சாப்பாடு இருக்கும்போது ஓட விடாதீங்க. அப்பறம் சார், இந்த ஜாதி தானா நிக்காது. கால் தேஞ்சாலும் கூட ஓடி வரும். நீங்கதான் பாத்து நிறுத்தணும்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் குனிந்து அவரைப் பார்த்தாள். "இவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே! உங்க வீட்டுல என்ன நாய்ங்க?"

"இல்லைங்க மேடம்," என்றார். "எடம் இல்ல."

நாய்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அரைச் சுற்றில் என்ன தெரியும்? அது முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டித் தடுப்புக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது, எப்போது தூக்குவார்கள் என்று.

மறுபடி ஹாரன். அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.