கீழே சாய்ந்த ஜப்பான் முகம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். பெரியநாயக்கன்பாளையத்தில் மாமா புதிதாகக் கட்டியிருந்த பட்டறையின் முன் வண்டியை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கொம்புகள். அவற்றின் கீழே பிதுங்கிய கண்களும் காதுவரை பிளந்த வாயும் பொன்னிறப் பற்களும். ஒரு கொம்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

பம்பு வார்ப்புகளைச் சோதிக்க வரும் ஜப்பான் பொறியாளர், போன முறை பட்டுத்துணியில் சுற்றி மாமாவுக்குப் பரிசாகக் கொடுத்த முகமூடி அது.

"அவரு குடுத்ததத் திருஷ்டிக்குக் கட்டிப்போட்டீங்களா மாமா?"

"உங்க அத்தைதான் ஊட்டுக்குள்ள ஆகாதுன்னுட்டா. இந்த மூஞ்சியப் பாத்துட்டுச் சோறு எறங்குமாங்கறா. கட்டடத்துக்கு எப்படியும் ஒண்ணு வாங்கோணுமல்ல மாப்ள."

"இன்னைக்கு அவரு வாராருங்களே."

மாமா ஏணியைத் தேடினார். ஆறு மாதிரி வார்ப்புகளில் குறைந்தது நான்கை அன்று பொறியாளர் ஏற்றால்தான் புதிய பட்டறைக்கு வேலை வரும். ஏணியை வெள்ளையடித்தவர் முந்தின நாளே கொண்டுபோயிருந்தார். ஸ்டூல்மேல் ஸ்டூல் வைத்து ஏறி, மாமா கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது.

"ஏனுங்க, எறங்கிப்போடுங்க. பாத்துட்டாரு," என்றார் காப்பி கொண்டுவந்திருந்த அத்தை.

பொறியாளர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அரைகுறை ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். அவர் நாட்டில் மேடையில் நடிகர் அணியும் முகம் இது. பொறாமையால் பேயாகிப்போன ஒரு பெண். கெட்டதை விரட்ட அங்கேயும் வீட்டில் மாட்டுவதுண்டு. ஆனால் மாமா, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று முகத்தைக் கீழே சாய்த்துக் கட்டியிருந்தார். நேராக இருந்தால் அவள் சீறுவாள். கீழே சாய்ந்தால் அழுவாள்.

"அழுதுட்டிருந்தா எவனுங்க பயப்படுவான்?" என்றார் மாமா.

"பொறாமைக்காரியவே பொறாமைக்குக் காவல் வெச்சுப்போட்டீங்க," என்றார் அத்தை.

பொறியாளர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினார். இறங்கி நின்ற மாமா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். முகம் நேராயிற்று. எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் காட்டி, இது எதற்கு என்றார். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மட்டும் அத்தை சொல்லச் சொன்னார். பொறியாளர் அதைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஐந்து வார்ப்புகள் தேறின.