தேத்தண்ணிக் கறை

மழைக்கு ஓடு ஒழுகி என் ஒலி அட்டைகள் எல்லாம் ஊறிப்போன அன்றுதான், ஜெனிற்றாவுக்கு எழுத்துத் தெரியாது என்று கண்டேன். பெற்றோர் தினத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

குருநகரில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். ஆங்கில எழுத்துகளின் பெயரை அல்ல, ஒலியைத்தான் முதலில் பழக்க வேண்டும் என்று ஒருநாள் பயிற்சியில் கேட்டுவிட்டு வந்து, பிஸ்கட் பெட்டி மட்டைகளை வெட்டி அட்டைகள் செய்தேன். எஸ் எழுத்தைத் தூக்கினால் பிள்ளைகள் 'ஸ்ஸ்' என்பார்கள். எம் என்றால் 'ம்ம்'. எல்லோரையும் முந்திக்கொண்டு சொல்பவள் ஜெனிற்றா. நாலரை வயது. யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்பிக் காட்டுவேன். எனக்கு அப்படியொரு பெருமை.

அவளுடைய தாய் மேரி சந்தையில் மீன் விற்பவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

"ரீச்சர், என்ரை பிள்ளை இங்கிலீசு வாசிக்குதெண்டு சந்தையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். பாக்க வருகினமாம்" என்றார்.

நனைந்த அட்டைகளை எறிந்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டு போனேன். எஸ்ஸைத் தூக்கினேன். ஜெனிற்றா வாய் திறக்கவில்லை.

"என்ன சத்தம் பிள்ளை?"

அவள் அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய எஸ் அட்டையில் என் தேத்தண்ணி சிந்திய கறை இருந்தது. எம் அட்டையின் மூலையை யாரோ கடித்திருந்தார்கள். மற்றவற்றிலும் இப்படி ஏதாவது ஓர் அடையாளம் இருந்தது. அவள் இவ்வளவு நாளும் பார்த்துச் சொன்னது அவற்றைத்தான். ஒரு வருடமாக அதே அட்டைகளையே காட்டியவள் நான். பிழை அவளுடையதல்ல.

அன்றே மேரியிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. பின்னேரம் எல்லோரும் போன பிறகு புது அட்டைகளில் பழைய அடையாளங்களை ஒவ்வொன்றாக இட்டேன். எஸ் அட்டையில் நானே தேத்தண்ணி ஊற்றினேன். எம் அட்டையின் மூலையைப் பல்லால் கடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில்!

பெற்றோர் தினத்தில் ஜெனிற்றா ஒன்றையும் தவறவிடவில்லை. மேரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நானும் கை தட்டினேன்.

ஜெனிற்றா முதலாம் வகுப்புக்குப் போய் இரண்டு மாதத்தில் மேரி அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அங்கை ஒண்டும் வாசிக்கிறாளில்லையாம், ரீச்சர். வேணுமெண்டு வாயைத் திறக்கிறாளில்லை எண்டு போன கிழமை அடியும் போட்டன். இவள் வாசிப்பாள் எண்டு நீங்கள் அங்கத்தை ரீச்சருக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்."

மேசையில் கிடந்த புத்தகத்தை விரித்து எஸ்ஸைத் தொட்டுக் காட்டினேன். ஜெனிற்றா பக்கத்தைப் புரட்டித் தேடினாள்.

"இதிலை தேத்தண்ணி இல்லை, ரீச்சர்."

"என்ன சொல்லுறாள்?" என்று மேரி என்னைக் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மேரி மகளின் கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது வேலைக்கு வரும் ஆசிரியைகளுக்குச் சொல்கிறேன்: எழுத்தை மணலில், பலகையில், புத்தகத்தில் என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். பிள்ளைக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று அன்றே சொல்லுங்கள். நான் அன்றே சொல்லியிருந்தால், ஒரு மாதத்தில் அவளுக்கு ஒழுங்காகப் பழக்கியிருப்பேன்.

"பின்னேரத்திலை என்னட்டை விடுங்கோ, முதலிலை இருந்து பழக்குறன்" என்று அன்று மேரியிடம் கேட்டேன்.

"ஓம் ரீச்சர், அனுப்புறன்" என்றுவிட்டுப் போனார்.

அனுப்பவில்லை.