வடக்குச் சுவரின் கற்பலகை

சனிக்கிழமைகளில் தேவாலயப் பீடத்துப் பூக்களை மாற்றி முடித்ததும் மேபல் ஃபிஸ்க் வலது கையுறையை மட்டும் கழற்றுவாள். விரல் விரலாக இழுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு, வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணும்வரை நிற்பாள். கை வைக்கிற இடம் புனித கிறிஸ்டோபரின் முழங்கால். அறுநூறு வருஷத்து ஓவியம். தோளில் சுமந்த குழந்தை வெள்ளையடிப்பில் எப்போதோ போய்விட்டது. ஆற்றுக்குள் நிற்கும் கால்களும் இரண்டு மீன்களும்தான் மிச்சம்.

வாரத்துக்கு வாரம் சுவரில் ஈரம் கூடியது. ஒரு சனிக்கிழமை தரையில் கிடந்த பொடியைக் கூட்டி அள்ளிய பிறகுதான், அது ஓவியத்திலிருந்து உதிர்ந்த ஒரு மீன் என்று அவளுக்கு உறைத்தது.

அதே சுவரின் வெளிப்புறத்தை அவள் கணவர் ஆம்ப்ரோஸ் 1963 கோடையில் தனியாளாகப் பூசினார். கொத்தனார், கூலி வாங்கவில்லை. நன்றிக்கு, தேவாலயத்தை நிர்வகிக்கும் சேகரக் குழு ஒரு சின்னக் கற்பலகையைச் சுவரில் பதித்தது: 'ஏ. ஃபிஸ்க், 1963.' அவர் இறந்தபின் சாம்பல் கடலோடு போயிற்று. உலகத்தில் அவர் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் பேராயத்திலிருந்து கட்டடக்கலைஞர் வந்தார். பேனாக்கத்தியால் சுவரைக் குத்திப் பார்த்தார்.

"சிமெண்ட். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும். இது மழைக்கோட்டைப் போட்டுத் தைச்ச மாதிரி இருக்கு. உள்ள போன தண்ணி ஓவியம் வழியாத்தான் வெளிய வருது. யார் செஞ்ச வேலை?"

தேவாலயக் காப்பாளர் ரால்ஃப் கேட்ச்போல் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "நம்ம மேபல் வீட்டுக்காரர்தான். தங்கமான மனுஷன். முந்நூத்தம்பது வருஷம் முந்தி குரோம்வெல் சிப்பாய்ங்க கோயில் படங்களைச் சுரண்டினப்பவும் போகாதது, அவர் கைபட்டுப் போயிடுச்சு."

கூட நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவரு நல்லாத்தான் செஞ்சாரு, ரால்ஃப்," என்றாள் மேபல்.

"யாரு இல்லேன்னா? அதான் உளிக்குக்கூட அசைய மாட்டேங்குது!"

ஜூனில் சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். பலகையும் கழன்று வந்தது.

"இத என்ன பண்றது மேபல்? மறுபடி பதிக்கணும்னா பேராயத்துக்கு எழுதிக் கேக்கலாம்," என்றார் ரால்ஃப்.

"வேணாம்."

பூக்கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொட்டகையில், எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து, ஜெரேனியத் தொட்டியை மேலே வைத்தாள். கல்யாணப் போட்டோவைப் பார்த்து, "தெரியாத வேலைன்னா நாலு பேர்ட்ட கேட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு அந்தப் போட்டோவையும் மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். சனிக்கிழமைப் பூக்கள் தவறவில்லை. கையுறை மட்டும் கழலவே இல்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து மேபல் இறந்தாள். அதற்குப் பிறகுதான், குருவானவரின் அங்கி அலமாரியை ஒழித்தபோது, சேகரக் குழுவின் பழைய குறிப்பேடு கிடைத்தது. 1963 மே மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'சிமெண்ட் இச்சுவரைக் கெடுக்கும், சுண்ணாம்பே வேண்டும் என்று திரு. ஃபிஸ்க் இருமுறை வற்புறுத்தினார். சுண்ணாம்பு காய நாளாகும், செப்டம்பரில் பேராயர் வருகிறார் என்பதால் சிமெண்ட் என்றே தீர்மானம். முன்மொழிந்தவர்: ஆர். கேட்ச்போல்.'