தேதி போட்ட பட்டியல்

1

காலை பதினோரு மணிக்கு மெட்ராஸ் ஆபீசுக்கு எனக்கு ட்ரங்க் கால் வந்தது. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒரு டேட்டா ப்ராசசிங் கம்பெனியில் ப்ரோகிராமர். பேசியது என்னோடு பள்ளியில் படித்த ஏழுமலை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் இருந்தான்.

"ஜபாரு, உன் லிஸ்டால ரெண்டு பக்கமும் கழி தூக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்கு வலை போடறதுக்குள்ள வந்து சேரு" என்றான்.

மேனேஜரிடம் லீவு சொல்லிவிட்டு பொன்னேரி பஸ் பிடித்தேன். அங்கிருந்து பழவேற்காடு பஸ். திருப்பாலைவனம் தாண்டும்வரை மனசுக்குள் என் ப்ரோகிராமை வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

2

விஷயம் இதுதான். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். அந்தக் குப்பத்தில் பன்னிரண்டு வலைக் குழுக்கள். நல்ல பாட்டில் ஒரு நாளைக்கு ஒரு குழுதான் வலை போடலாம், முறை வைத்து. யார் முறை என்பதில் அந்த வருஷம் அடிக்கடி வாய்த்தகராறு. ஊர்த் தலைவர் கோவிந்தசாமி என்னைக் கூப்பிட்டுவிட்டார். நான் பழவேற்காடு டவுனில் பிறந்த துலுக்க வீட்டுப் பையன். எந்தக் குழுவுக்கும் பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை. "உன் மிசினுக்கும் யாரும் சொந்தக்காரங்க இல்ல. அதுலயே போட்டுக் குடு" என்றார்.

கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். சின்ன ப்ரோகிராம். ஆறு மாசத்துக்குத் தேதி, எதிரே குழு நம்பர். எல்லாக் குழுவுக்கும் நாட்கள் சமமாக வருகிறதா என்று கையாலும் கூட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஓட்டை போட்ட நீளப் பேப்பரில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊர்க் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் வாடைக்காற்று பலமாக வீசியது. மூன்று நாள் ஒரு படகும் இறங்கவில்லை. பேப்பர்படி அந்த மூன்று நாளும் நான்கு, ஐந்து, ஆறாம் குழுக்களின் முறை. காற்று நின்ற அன்று பேப்பரில் ஏழாம் குழுவின் தேதி. அவர்கள் கிளம்பினார்கள். விட்டுப்போன முறை எங்களுடையது என்று நான்காம் குழுவும் கிளம்பியது. இரண்டு படகும் பாட்டில் எதிரெதிரே நின்றதில் ஒரு கழி உடைந்து, நான்காம் குழு ராமனுக்கு முழங்கையில் அடி. தலைவர் ஆள் அனுப்பி இரு படகையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்.

3

நான் போனபோது வலை காயவைக்கும் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமாக, நடுவில் இடம் விட்டு. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

முதலில் பேசியது ராமனின் மனைவி கன்னியம்மாள்.

"பாய், உன் பேப்பர்ல எங்க முறை முடிஞ்சிச்சுனு போட்டுக்குது. அந்த மூணு நாளு யாரு வலை போட்டாங்க? ஒருத்தரும் போடல. அப்புறம் எப்படி முடியும்?"

லிஸ்ட் வருவதற்கு முன்பு இப்படிக் காற்று அடித்தால் என்ன செய்வீர்கள் என்று தலைவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"நின்ன எடத்துலேருந்துதான் ஆரம்பிப்போம். அத வேற சொல்லணுமா?"

சொல்லியிருக்க வேண்டியதில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். என் ப்ரோகிராமுக்குக் காலண்டர் மட்டும்தான் தெரியும். வேலை நடந்ததா இல்லையா என்று அது எங்கேயும் பார்க்கவில்லை.

எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பேப்பரை நம்பிப் படகு இறக்கிய ஏழாம் குழுக்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் சொன்னேன்.

அந்தக் குழுவின் முனுசாமி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போதுதான் கீழே உட்கார்ந்தார். "நாங்க ஒண்ணும் அடுத்தவன் முறையைத் திருடப் போகலனு ஊருக்குத் தெரிஞ்சா போதும் பாய். நாளைக்கு அவங்களே போகட்டும்" என்றார். பிறகு எழுந்துபோய் ராமனின் கையைப் பிடித்து, முழங்கையில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். கன்னியம்மாள் தடுக்கவில்லை. நடுவில் விட்டிருந்த இடத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

அங்கேயே ஒரு அட்டையில் புதிய பட்டியல் எழுதினோம். தேதியே கிடையாது. குழுக்களின் வரிசையும், எதிரே கட்டங்களும் மட்டும். வலை தண்ணீரில் விழுந்த பிறகுதான் கட்டத்தில் டிக். காற்று அடித்தாலும் ஊரில் சாவு விழுந்தாலும் டிக் இல்லை, முறை அப்படியே நிற்கும். மறுநாள் விடியலில் நான்காம் குழு போய்த் திரும்பியதைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அந்த அட்டையால் அதற்குப் பிறகு எனக்கு ஒரு போனும் வரவில்லை.

4

ஆபீசில் அடுத்த வேலை, ஒரு பரீட்சைக்கு ஹால் டிக்கெட் அடிப்பது. கரண்ட் போனால் எங்கள் வழக்கம் முதல் நம்பரிலிருந்து மறுபடி ஓட்டுவது, ஏற்கெனவே அடித்ததைக் கிழித்துப் போடுவது. அதில் ஒரே பிள்ளைக்கு இரண்டு டிக்கெட் போன கதையும், ஒருவருக்குப் போகாமலே விட்ட கதையும் உண்டு. இந்த முறை ஒவ்வொரு டிக்கெட்டும் அடித்து முடிந்த பிறகு அந்த நம்பரை டிஸ்கில் குறித்துக்கொண்டு, நின்றுபோனால் அதற்கு அடுத்ததிலிருந்து ஓடும்படி எழுதினேன். மெஷின் மெதுவாகிறது என்று மேனேஜர் முணுமுணுத்தார். விட்டுக்கொடுக்கவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டம் எப்படி ஓட வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நின்றுபோனால் என்ன ஆக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அது அவர்களுக்கு அவ்வளவு தெரிந்த விஷயம். நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஹால் டிக்கெட் ஓட்டிய அன்று மதியம், எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. ஆபரேட்டர் பிரபாகர் கடைசியாக அடித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைக் கிளப்பினார். பிரிண்டர் இரண்டு வரி காலியாக ஓடி, பிறகு அடித்தது. பிரபாகர் குனிந்து இரண்டு நம்பரையும் பார்த்தார்.

"அடுத்த நம்பர்தான் சார். நீங்க போய் சாப்பிடுங்க" என்றார்.