மழைக்கு முன் ஒருவர், மழைக்குப் பின் ஒருவர்

என் அக்கா ஓஸ்மரீனாவின் புருஷன் ஜுராந்திர் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்தால், எங்கள் பேட்டையில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய பிழைப்பு ஒலிபெருக்கிச் சைக்கிள். முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, நடுவில் கார் பேட்டரி, கழுத்தில் மைக். சூப்பர் மார்க்கெட்டில் கோழி விலை குறைந்தாலும், மாதா கோயிலில் பிங்கோ வைத்தாலும், யார் வீட்டு நாய் ஓடிப்போனாலும், பெலேம் நகரத்தின் இந்தக் குவாமா பேட்டைக்கு அத்தான் குரலில்தான் சேதி வரும். அதெல்லாம் பெடலை மிதித்தபடியே சொல்கிற சேதி. சாவுச் செய்தி என்றால் மட்டும் இறங்கிவிடுவார். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடப்பார். "செத்தவங்களை ஓவர்டேக் பண்ணக் கூடாது மர்லூசியா" என்பார் என்னிடம். வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே, குரல் நகருகிற வேகத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆண்கள் நின்ற இடத்தில் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். எனக்கு முடி வெட்டுகிற தொழில். தலையில் பாதி சாயம் பூசின ஆளை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

மேயர் தேர்தல் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வால்டெநோரா நின்றார். எங்கள் கால்வாய் பொங்கி வீட்டுக்குள் வந்தால் எங்களோடு சேர்ந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேறு அள்ளுகிற டீச்சர். அவருக்காக அத்தான் காலணா வாங்காமல் தொண்டை கிழியக் கத்தினார். பேட்டை மொத்தமும் டீச்சருக்குத்தான் போட்டது. ஆனால் ஊர் பெரிது, பேட்டை சின்னது. டீச்சர் மூன்றாவதாக வந்தார். முதல் இரண்டு பேரில் யாருக்கும் பாதி ஓட்டு தேறவில்லை. ஆகவே அந்த இருவருக்கும் இடையே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டு, எங்கள் டீச்சர் வீட்டுக்கு.

மறுநாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், அத்தான் குரல் நடந்து வருகிறது. வாயில் நுரையோடு ஓடினேன். தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டு அபெலார்டோ பெரியவர், பாவம், பாதிச் செவிடு, நினைவும் தடுமாறிப்போனவர், அவர்கூடத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஸுயிலாம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மிகுந்த துயரத்தோடு அறிவிப்பது என்னவென்றால்," என்று அத்தான் குழைந்தார், "நமது அருமை வேட்பாளர் வால்டெநோராவின் வெற்றி வாய்ப்பு நேற்றிரவு காலமானது. நல்லடக்கம்..."

"ஜுராந்திர்!" என்று ஒரு கத்தல். டீச்சர் வீட்டு வாசலில் டீச்சர். "நான் உயிரோடதான்யா இருக்கேன்! ஸுயிலாம்மா சிலுவையே போட்டுட்டாங்க பாரு. உனக்கு இது விளையாட்டா?"

"நீங்க இருக்கீங்க டீச்சர். நம்ம ஓட்டுல்ல போச்சு."

"போகட்டும். அதுக்காக இறங்கி நடப்பியா? இப்படிச் சிரிப்புக்கு நடந்தா, நிஜமா நடக்கிற அன்னைக்கு ஒருத்தரும் கதவு திறக்க மாட்டாங்க. சாவு இல்லாம இனிமே இறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

நசரே மாதா மேல் சத்தியம் செய்தார் அத்தான். செய்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அழுதாரா, சளியா, தெரியவில்லை. அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சமிருந்த இரண்டு பேர், டாக்டர் லமெய்ராவும் மெத்தைக் கடை நாஜிபும். இவர்களில் யார் ஜெயித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இரண்டு பேருமே எங்கள் கால்வாயைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஓட்டு இப்போது அநாதையாகக் கிடக்கிறதே, அதை அள்ள வேண்டுமே! ஒரே நாளில் இருவரின் ஆட்களும் அத்தானைத் தேடி வந்தார்கள். குவாமாவில் எந்தக் குரல் எடுபடும் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். இந்த மனுஷர் இருவருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

அது எப்படி என்றால், எங்கள் ஊரில் யாரும் மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்வதில்லை. மழைக்கு முன்னால் வருகிறேன், மழை விட்டதும் வருகிறேன், அவ்வளவுதான். மத்தியானம் ஒரு மழை நிச்சயம். கல்யாணப் பேச்சு, பல் பிடுங்குவது, எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். அத்தானும் அப்படியே பேசி முடித்தார். மழைக்கு முன்னால் டாக்டரின் பிரசாரப் பாட்டு, மழை விட்டதும் நாஜிப் பாட்டு. நடுநடுவே இவர் சொந்தக் குரலில் புகழாரம்.

தெரு சும்மா விடுமா?

"காலையில டாக்டரு, சாயங்காலம் மெத்தை. ராத்திரிக்கு யாரு ஜுராந்திர், போப்பாண்டவரா?"

"மழை நேரத்துல யாருக்கு ஓட்டுக் கேக்கறே? தவளைக்கா?"

என் அக்காவுக்கு அசாயிப் பழக்கூழ்க் கடை. வாசலில் சிவப்புக் கொடி ஏறினால் பழம் அரைத்து இறக்கியாச்சு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வரலாம் என்று பொருள். எங்கள் தெருவில் சொன்னதைச் செய்கிற ஒரே கொடி அதுதான். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அக்காவைக் கிண்டல் செய்துவிட்டுப் போக, அவளுக்கு மண்டை காய்ந்தது. மாதா திருவிழா விருந்தில், வாத்துக்கறியை எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, அத்தான் தட்டில் மரவள்ளி மாவை மட்டும் கொட்டினாள்.

"கறி எங்கடீ?"

"பாதிக் கறி மழைக்கு முன்னாடி, பாதி மழைக்குப் பின்னாடி. இப்ப மழை பெய்யுது, பேசாம இரு."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். மறுவாரம் அந்தச் சிரிப்பு நின்றது. தச்சுக்கடைக்காரரின் நாய் காணாமல் போயிற்று, அத்தான் நிறம், பெயர், வாலில் இருக்கும் மச்சம் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். அவர் குரல் திரும்புகிற முனையெல்லாம் ஜன்னல்கள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. நாய் பக்கத்துத் தெருவிலேயே கட்டிக் கிடந்திருக்கிறது. எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது, யார் காதிலும் சேதி விழவில்லை.

அன்று சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார்.

"என் குரலைக் கேட்டாலே ஜன்னலைச் சாத்தறாங்க மர்லூசியா."

"பின்னே ஆரத்தியா எடுப்பாங்க? ஒரே வாயால ரெண்டு பேரையும் உத்தமன்னு சொன்னா?"

"நான் ரோடு மாதிரி. ரோட்டுல எல்லாரும்தான் போவாங்க."

"ரோட்டை யாரும் நம்பறதில்ல அத்தான். மிதிக்கிறாங்க."

கண்ணாடியில் அவர் முகம் தொங்கிப்போயிற்று. "டீச்சர் தோத்ததுக்கு அப்புறம் எனக்கு எவனா இருந்தா என்னன்னு ஆயிடுச்சு" என்றார். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை. பேருந்தில் நடத்துநராக இருந்த வேலை போனபோதுகூட அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த மனுஷருக்கு இருந்த ஒரே சொத்து, அவர் பேசினால் பேட்டை காது கொடுக்கும் என்பதுதான். அதைத்தான் அவர் வாடகைக்கு விட்டிருந்தார்.

ஓட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. பிரசாரத்துக்குக் கடைசி நாள். காலையிலிருந்து டாக்டர் பாட்டு ஓடியது. மத்தியானம் ஆயிற்று. மழை இல்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு மேகம் வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. அக்கா கடை வாசலில் இரண்டு கட்சி ஆட்களும் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்கள்.

"மழை வரல, அப்ப இன்னும் மழைக்கு முன்னாடிதானே? எங்க நேரம்!" என்றான் டாக்டரின் ஆள்.

"நேத்து இந்நேரத்துக்கு வந்து போயாச்சு. அது வராம போனா நாங்களா பொறுப்பு?" என்றான் நாஜிபின் ஆள்.

தெருவுக்குத் திருவிழா. ஆளுக்கொரு தீர்ப்பு. தச்சுக்கடைக்காரர் மொட்டைமாடியில் ஏறி ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்து, "வந்தாச்சு, வந்தாச்சு! மாத்துய்யா பாட்டை!" என்று கூவினார். பென்டிரைவை ஒருவன் செருக, இன்னொருவன் உருவ, நடுவில் அத்தான் நனைந்த கோழி மாதிரி நின்றார்.

அப்போதுதான் ஸுயிலாம்மா ஓடி வந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம்! துணி காயப்போட்டுட்டு வந்து பாக்கறேன், ஆளு இல்ல. கதவு திறந்து கிடக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. அபெலார்டோ பெரியவர் ஒரு காலத்தில் படகோட்டி. நினைவு தப்பினாலும் கால் ஆற்றுப் பக்கம்தான் போகும். அங்கே பழைய மரப் படகுத்துறை, நுனியில் பலகைகள் இற்று விழுந்து ஓட்டையாகக் கிடக்கிறது. தண்ணீர் ஏறுகிற நேரம் வேறு. ஆனால் போன தடவை அவர் சந்தையில் கிடைத்தார், அதற்கு முந்தின தடவை கல்லறைத் தோட்டத்தில். எந்தப் பக்கம் என்று யார் கண்டது? பேட்டை முழுக்க இறங்கித் தேடினால்தான் உண்டு.

"ஜுராந்திர், நீ சொல்லுய்யா" என்று ஸுயிலாம்மா அவர் கையைப் பிடித்தாள். "நீ சொன்னா எல்லாரும் வருவாங்க."

அவளுக்குத் தெரியாது. நாங்கள் தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அத்தான் பென்டிரைவைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்தார். இரண்டு ஆட்களும் வாயைத் திறந்தார்கள், ஓஸ்மரீனா அக்கா கரண்டியைக் காட்டியதும் மூடிக்கொண்டார்கள். அத்தான் சைக்கிளில் ஏறி மிதித்தார், ஸுயிலாம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். "கவனிக்கவும், அபெலார்டோ பெரியவரைக் காணவில்லை, கோடுபோட்ட சட்டை, வைக்கோல் தொப்பி..." அடுத்த தெருவில் நுழைந்ததும் ஆரம்பித்தது. படார். படார். "கடைசி நாள்கூட விடமாட்டானா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். நான் கதவுகளைத் தட்டிக்கொண்டே ஓடினேன். எத்தனை கதவைத் தட்டுவது?

அத்தான் பிரேக் பிடித்தார். ஸுயிலாம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் காலைத் தூக்கிச் சைக்கிளிலிருந்து இறங்கினார்.

"அத்தான், சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"தெரியும்" என்றார். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, நடக்க ஆரம்பித்தார். அவர் குரல் மாறிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்து வைத்து எடுக்கிற அந்தக் குரல்.

ஒரு ஜன்னல் திறந்தது. எதிரே ஒரு கதவு. அப்புறம் தெருவே திறந்தது. கையில் மாவோடும், குழந்தையோடும், பாதி முகம் மழித்தபடியும் ஆட்கள் வந்து நின்றார்கள். "யாரு? யாரு போனது?"

"இன்னும் யாரும் போகல" என்றார் அத்தான் மைக்கில். "போயிடக் கூடாதுன்னுதான் கூப்பிடறேன். என் மேல கோபம்னா நாளைக்கு வந்து அடிங்க. இன்னைக்கு அபெலார்டோ பெரியவரைத் தேடுங்க."

வால்டெநோரா டீச்சர் குளித்த ஈரத் தலையோடு வந்தார். இறங்கி நிற்கிற ஆளையும் சைக்கிளையும் பார்த்தார். அத்தான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கூனிக்குறுகினார். "எந்தப் பக்கம் இன்னும் போகல?" என்று மட்டும் கேட்டார் டீச்சர். சந்தைக்கு ஒரு கூட்டம், கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துவிட்டார். டாக்டரின் ஆளும் நாஜிபின் ஆளும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். நாங்கள் ஆற்றுப் பக்கம் போனோம். அத்தான் சைக்கிளில் ஏறவேயில்லை. மைக்கையும் நிறுத்தவில்லை.

படகுத்துறை முனையில் திரும்பியதும் ஸுயிலாம்மா என் கையை இறுக்கினாள். தூரத்தில், பலகைகளின் மேல், முதுகைக் காட்டிக்கொண்டு அவர். ஓட்டைக்கு இந்தப் பக்கம், இன்னும் ஓர் அடி வைத்தால் ஆறு. ஆனால் அடி வைக்கவில்லை. நிமிர்ந்து, அசையாமல், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

நான்தான் மெதுவாகப் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். தேய்த்த சட்டை போட்டிருந்தார், பையில் வாக்காளர் அட்டை.

"டீச்சருக்கு ஓட்டுப் போட வந்தேம்மா" என்றார் என்னிடம். "பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு. சரி, படகையாவது பாத்துட்டுப் போகலாம்னு நடந்தேன். அப்ப ஜுராந்திர் இறங்கி நடக்கிற சத்தம் கேட்டுச்சு. நின்னுட்டேன்."

அவருக்கு வார்த்தை ஒன்றும் காதில் விழுந்திருக்காது. தன் பெயரைத்தான் அறிவிக்கிறார்கள் என்பதும் தெரியாது. சில நாள் ஸுயிலாம்மாவின் பெயரே அவருக்கு வராது. ஆனால் அந்தக் குரல் நடந்து வந்தால் நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும் உள்ளே எங்கோ மிச்சமிருந்திருக்கிறது.

அத்தான் சைக்கிளைப் பலகை மேல் சாய்த்துவிட்டு வந்தார். அழுகையை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. பெரியவர் அவர் பக்கம் குனிந்து, செவிடர்கள் பேசுகிற உரத்த ரகசியக் குரலில் கேட்டார்:

"யாருப்பா போனது? நம்ம பேட்டை ஆளா?"

ஆற்றின் மேல் முதல் துளிகள் விழுந்தன. அத்தான் அவர் கையிலிருந்து தொப்பியை வாங்கி அவர் தலையில் வைத்து, காதோரம் இழுத்து அழுத்திவிட்டார்.

"யாரும் போகல பெரியவரே. வாங்க வீட்டுக்கு, மழை வந்துடுச்சு."