கினிப்பன்றிக்கு வந்த படர்தாமரையும் நான் சொல்லாமல் விட்டதும்

முதலில் கண்டது புள்ளியின் மூக்கில். மாவுக்குள் முகத்தை வைத்துவிட்டு வந்ததுபோல வெள்ளையாக ஒரு படிவு. துடைத்தேன், போகவில்லை. ஒரு கிழமைக்குள் கண்ணோரத்து முடி உதிர்ந்து, சட்டைப் பொத்தான் அளவில் வட்டமாகத் தோல் தெரிந்தது. ஓரம் சிவந்து பொருக்குக் கட்டியிருந்தது.

புள்ளியும் வெள்ளச்சியும் என்னுடைய கினிப்பன்றிகள். சுவிஸில், லாங்கன்தாலில் மகள் ஜெசிந்தாவோடு இருக்கிறேன். அவள் தொழிற்சாலைக்குப் போனால் பின்னேரம்வரை நான் தனி. கீழ்வீட்டுச் சுவிஸ்காரப் பெண் வீடு மாறிப் போகும்போது இரண்டையும் எனக்குத் தந்தாள். சமைக்கிற குசினி மூலையில் மரக்கூட்டில் வளர்த்தேன். வீட்டில் இப்படிப் பிராணி வைத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

நான் செய்தது ஊரில் அம்மாள் வருத்தத்துக்கு (கொப்புளிப்பான், அம்மை) செய்யும் வைத்தியம். நாங்கள் வேதக்காரர் (கிறிஸ்தவர்) என்றாலும் எங்கள் வீட்டிலும் வேப்பிலையும் மஞ்சளும்தான். வருத்தத்தின் பெயரை வாயால் சொல்வதில்லை, வைத்தியரிடம் போவதில்லை. தமிழ்க் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி மஞ்சளோடு குழைத்து இரண்டுக்கும் பூசினேன். மூன்றாம் நாள் இளஞ்சூட்டு நீரில் முழுக வார்த்து, ஒரே துவாயால் துடைத்தேன். வெள்ளச்சிக்கு அதுவரை ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை அவளுக்கும் காதடியில் வட்டம் வந்தது. பிறகு என் முன்னங்கையில் மூன்று.

படர்தாமரை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. வழக்கத்தைச் சாட்டினேன். உண்மையில் அது கௌரவம். என் வீட்டில் ஒரு தூசி கண்டேன் என்று சொன்னவர் இல்லை.

அந்த நாட்களில்தான் மாதா சொரூபம் (சிலை) எங்கள் வீட்டுக்கு வந்தது. இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கிழமைக்கு ஒரு வீடாக அதை வைத்துச் செபமாலை சொல்வோம். ஏழு பின்னேரமும் ஆட்கள். நல்ல வெயில். நான் முழுக்கைச் சட்டை.

"என்ன மாமி, இந்த வெக்கைக்குள்ளை முழுக்கைச் சட்டை? மாப்பிள்ளை பகுதி வருதோ?" என்று கேட்டாள் பக்கத்துக் கட்டடத்து ரெஜினா.

"ஓம். உனக்குச் சொல்லாமல் கட்டுவன் எண்டு நினைச்சியோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுடைய ஐந்து வயது மெலனி குசினியில் வெள்ளச்சியைத் தூக்கித் தலையோடு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். கூட்டைப் பூட்டவில்லை. பூட்டினால் ஏன் என்று கேட்பார்கள்.

இரண்டு கிழமை கழித்து ரெஜினா அழுதுகொண்டு வந்தாள். மெலனியின் தலையில் முடி கொட்டி வட்டமாகச் சொட்டை. பூஞ்சணம் (பாணில் பூசணம் பிடிப்பதுபோலத் தோலில் பிடிப்பது) என்றாராம் மருத்துவர். கிண்டர்கார்ட்டனுக்கு இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"பிள்ளையைக் குளிக்க வாக்கிறேல்லையோ எண்டு கேக்கினம் மாமி. எங்கடை ஆக்கள்தான். நான் வேலை வேலை எண்டு ஓடுறனாம், பிள்ளை ஊத்தையாத் திரியுதாம்."

நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஜெசிந்தாவிடம் கையைக் காட்டினேன்.

"எவ்வளவு நாளா அம்மா?"

"மாதா வர முதல்."

அவள் வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு, என்னையும் கினிப்பன்றிகளையும் மிருக வைத்தியரிடம் கூட்டிப்போனாள்.

வைத்தியர் ஒரு பெண். இது என்ன மஞ்சள் நிறம் என்றுதான் முதலில் கேட்டார். ஊதா விளக்குப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆறுதல். விளக்கில் தெரியாவிட்டால் இல்லையென்று ஆகாது என்று சொல்லி, முடி பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு (தட்டில் வைத்துப் பூஞ்சணம் முளைக்கிறதா என்று பார்ப்பது) அனுப்பினார். துவாய்க் கதையையும் கேட்டார்.

"ஈரமும் அந்தத் துவாயுமா நீங்கள்தான் ஒண்டிலயிருந்து மற்றதுக்குக் காவியிருக்கிறியளாம்," என்று ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொன்னாள். "தொட்ட ஆக்கள் எல்லாருக்கும் சொல்லட்டாம்."

"சொல்லத்தான் வேணுமோ எண்டு கேள்."

"அதை நான் கேக்கமாட்டன் அம்மா."

அந்தக் கிழமை சொரூபம் ரெஜினா வீட்டில். வழக்கமாக இருபது பேர் வருகிற இடத்தில் ஆறு பேர். பிள்ளைகளை ஒருவரும் கூட்டிவரவில்லை. மெலனி தலையில் துணி கட்டிக் கதவோரம் இருந்தாள். செபமாலை முடிந்து எழும்பியவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்தேன்.

"இது என்ரை வீட்டிலயிருந்து வந்தது. என்ரை கினிப்பன்றிக்கு வந்து, எனக்கு வந்து, பிள்ளைக்கு வந்தது. ரெஜினா பிள்ளையை வடிவாத்தான் வைச்சிருக்கிறாள். ஊத்தை எண்டு கதைச்ச ஆக்கள் இனி என்னைக் கதையுங்கோ."

ரெஜினா கேட்டாள்.

"அண்டைக்குத் தேத்தண்ணி தந்தீங்களே மாமி. அப்பவும் தெரியுமோ?"

"ஓம்."

அவள் அறைக்குள் போய்விட்டாள்.

வைத்தியம் நீண்டது. நாலு நாளைக்கு ஒருக்கால் கையுறை போட்டுக் கழுவுமருந்து தடவினோம். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி, ஒற்றியதும் எறிந்தோம். மரக்கூட்டையும் எறிய வேண்டி வந்தது. மரத்தின் வெடிப்புக்குள் ஸ்போரன் (கண்ணுக்குத் தெரியாத பூஞ்சண வித்துகள்) மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். எனக்குத் தோல் மருத்துவர் களிம்பு தந்தார். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு கிழமை பூசச் சொன்னார். மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மெலனிக்குக் கோடை முழுவதும் விழுங்கக் குளிசை.

கினிப்பன்றிகள் தேறின. என் கையும் ஒரு மாதத்தில் ஆறியது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முடி முளைக்கிற வேகத்தில்தான் என் நாட்கள் போயின. கோயிலில் பின்வரிசை வாங்கில் இருந்து அந்தத் தலையையே பார்ப்பேன். ரெஜினா திரும்பமாட்டாள். என் உடம்பு என் தோலோடு முடிகிறது என்றுதான் இவ்வளவு வயதுக்கும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நான் தொடுகிற இடத்துக்கெல்லாம் அது போகிறது.

முதல் பனி விழுந்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தபோது ரெஜினா பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றாள். சண்டைக்கோ என்று நினைத்தேன். அவள் மெலனியின் தொப்பியைக் கழற்றினாள்.

"முளைச்சிட்டுது. தொட்டுப் பாருங்கோ மாமி."

நான் தொடவில்லை. உள்ளே திரும்பிப் போய்க் குழாயைத் தேடி, சவர்க்காரம் போட்டு இரண்டு கையையும் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் குளிரில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.