மீனின் காதுக்கல்

கோவிந்தம்மா மீன் தலையைக் கவிழ்த்துப் பிடித்து உச்சியில் ஒரே வெட்டு வெட்டுகிறாள். உள்ளே போன இடுக்கி நகத்தளவு வெள்ளைக் கல்லோடு வெளியே வருகிறது. மீனின் காதுக்குள் வளரும் கல் அது. அதை உடைத்து, ஸ்பிரிட் விளக்கில் பழுப்பேற வாட்டி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைக்கிறாள். மரத்தில் இருப்பதுபோல் ஆண்டுக்கு ஒரு வளையம். எண்ணும்போது அவள் உதடு அசையாது. இடது கால் கட்டைவிரல் மட்டும் செருப்பைத் தட்டும்.

தீவின் தலைநகரான போர்ட் லூயியின் துறைமுகத்தில், மீன்வளத் துறையின் சின்ன அறையில் பதினோரு வருடமாக இதே வேலை. மாலையில் தன் ஊரான தேர் ரூஜுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். "மீன் நாத்தம்னு ஒதுங்குறாங்க. நல்லதுதான், காலை நீட்டிக்கலாம்" என்கிறாள்.

இங்கே வரும் மீனெல்லாம் மூன்று நாள் பயணத் தொலைவில் உள்ள ஓர் ஆழ்கடல் திட்டில் பிடித்தவை. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருபது வளையம் சாதாரணம். இந்த 1991-இல் ஆறைத் தாண்டினால் அதிசயம். 'சாமி குத்தம்' என்று, அங்கே மீன்பிடிக்கும் கப்பலின் முதலாளி அபிஷேகம் செய்து பார்த்தார். குஞ்சையும் விடாமல் அள்ளியவருக்கு எந்தச் சாமி புது மீன் செய்து கொடுக்கும்? கரையெங்கும் முளைத்த ஓட்டல்களின் தட்டுகளில் போய்விட்டது அந்தக் கடல்.

திட்டில் இளம் மீன்களே மிஞ்சியிருந்தால் அதை மூடிவிடுவது, மீனையும் ஆமையையும் சுறாவையும் யாரும் தொடாத காப்பகமாக்குவது என்று அரசு யோசிக்கிறது. மூடத்தான் வேண்டும். மூடினால் முதலாளி கப்பலை விற்று ஓட்டல் கட்டுவார். அந்தக் கப்பலில் போகும் அவள் தம்பி ராஜனைப் போன்ற தூண்டில்காரர்கள் என்ன ஆவார்கள் என்று எந்தக் கோப்பிலும் ஒரு வரி இல்லை.

அவள் வேலையைப் பார்க்க நான் போன அன்று ராஜன் ஒரு பெரிய மீன் தலையோடு வந்தான். அவர்கள் பேச்சு தீவின் கிரியோல் மொழி. 'அக்கா' மட்டும் தமிழ்.

"அக்கா, இந்த நடை கடலுக்குப் போனதுல பெருசு இதுதான். கிழவன். பதினஞ்சு வயசு போடு."

"உன்னைவிடக் கிழவனா?"

கல்லை எடுத்து வாட்டினாள், எண்ணினாள். "அஞ்சு."

"அஞ்சுன்னு எழுதினா மூடிருவாங்க. நான் எங்க போவேன்? ஓட்டல்ல தட்டு கழுவவா?"

"ரோஸ் பா மான்தி" என்றாள். கல் பொய் சொல்லாது. "நீயே பாரு."

ராஜன் குனிந்து வெகுநேரம் எண்ணினான். நிமிர்ந்து, பதிவு அட்டையை அவள் பக்கம் தள்ளினான்.

அட்டையில் ஐந்து என்று எழுதினாள். கை கழுவிவந்து மதியப் பொட்டலத்தைப் பிரித்தாள். இந்தத் தீவில் தால்பூரி என்ற மெல்லிய பருப்பு ரொட்டியை எப்போதும் ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒட்டியிருந்த இரண்டையும் கிழியாமல் பிரித்து, ஒன்றைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.